திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் விளையும் ஊர்களைச் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்று சொன்னால், எந்த ஒயின் நல்லது என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் இல்லை. எந்தப் பாதையில் ஓட்டுவது, எந்த மாதம் போவது, எவ்வளவு குடிப்பது, எப்போது சைக்கிளைப் பூட்டிவிட்டு உட்காருவது ஆகியவற்றைப் பொறுத்துத்தான் இந்த விடுமுறை நன்றாக அமையும் அல்லது கெடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

காரிலோ சுற்றுலா வேனிலோ போனால் அதிக இடம் பார்க்கலாமே, எதற்குச் சைக்கிள்?

அதிக இடம் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் ஒயினின் ருசியைப் பெரிதும் தீர்மானிக்கும் ஒரு விஷயம் காரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதே இல்லை. நிலத்தின் சரிவைச் சொல்கிறேன்.

பிரான்சின் பர்கண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போன் நகரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் கிழக்கு பார்த்த நீளமான மேடு ஒன்று ஓடுகிறது. காலை வெயில் அதன்மேல் நேராக விழும். அதன் அடிவாரத்தை ஒட்டி டி974 என்ற சாலை போகிறது. சாலைக்குக் கிழக்கே, சமதரையில் விளைவது பெரும்பாலும் சாதாரண பர்கண்டி ஒயின். மேற்கே ஏறத் தொடங்கினால் கிராமத்தின் பெயர் போட்ட ஒயின். சரிவின் நடுப்பகுதியில் பிரீமியே க்ரூ, அதற்கும் மேலான கிராண்ட் க்ரூ என்று தர வரிசையில் பெயர் பெற்ற நிலங்கள். இத்தனையும் சில நூறு மீட்டருக்குள் மாறிவிடுகின்றன. கார் அந்தத் தூரத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். சைக்கிளில் போகிறவருக்குத் தொடையே சொல்லிவிடும், இங்கே தரை ஏறுகிறது என்று. மூச்சு வாங்க நிற்கும்போது மண்ணில் கல் அதிகமாகியிருப்பது கண்ணில் படும்.

மாலையில் அதே மேட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள். ஓரிடத்தில் காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தில் போய்த் தேங்கும். வசந்த காலத்தில் உறைபனி இளந்தளிர்களைக் கருக்குவதும் முதலில் அங்கேதான். நடுச்சரிவு நிலத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது அந்த ஒரு இறக்கத்தில் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பு அதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன், உடம்புக்குப் புரியவில்லை. இப்படித் துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் பிரித்த பர்கண்டி நிலங்கள் 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டலாமா? கார் இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்பார்கள். பிரான்சில் கார் ஓட்டுகிறவருக்கு உள்ள அதே வரம்பு, அதாவது ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால், சைக்கிளுக்கும் பொருந்தும். ஆஸ்திரியாவில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வரம்பு ஆயிரத்தில் 0.8 பங்கு. ஜெர்மனியில் 1.6 பங்கைத் தொட்டால் நேராகக் குற்ற வழக்குதான். தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ அங்கே 0.3-லேயே சிக்கல் தொடங்கிவிடும், கார் ஓட்டும் உரிமம்கூடப் போகலாம். கலிபோர்னியாவில் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். ஒரு ருசி பார்க்கும் கூடத்தில் ஐந்து ஒயின் தருவார்கள். ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்தால் மொத்தம் 150 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 15 கிராம் ஆல்கஹால். உடம்பு ஒரு மணி நேரத்தில் எரிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம். ஆக ஒரே கூடம் உங்களிடமிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. காலை பதினொரு மணியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள் மூன்று கூடங்கள் போனால், கடைசிக் கூடத்தை விட்டுக் கிளம்பும்போது குடித்ததில் ஒரு பகுதி இன்னும் உடம்பில்தான் இருக்கும். மேலே வெயில், உள்ளே வியர்வையால் ஏற்கெனவே குறைந்துபோன தண்ணீர். ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக்கி இன்னும் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றும். அப்புறம் டிராக்டர் எதிரே வரும் ஒரு குறுகலான இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

எனவே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் ருசி பார்க்கலாம், துப்பிவிட வேண்டும். விழுங்கிக் குடிப்பது, அன்றைக்கு ஓட்ட வேண்டிய தூரம் முடிந்து சைக்கிளைப் பூட்டிய பிறகு. தங்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல தயாரிப்பாளர் இருக்கும்படி இரவுத் தங்கலைத் தேர்ந்தெடுத்தால், மாலையில் எந்தக் கணக்கும் பார்க்காமல் நிம்மதியாக உட்காரலாம்.

துப்புவது மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

தெரியாது. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். ஒரே காலையில் நாற்பது, ஐம்பது மாதிரிகளை ருசி பார்க்கிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது. மேசையில் அதற்கென்றே ஒரு வாளியோ குடுவையோ இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள், "சைக்கிளில் வந்திருக்கிறேன்" என்று சொன்னால் உடனே எடுத்து வைப்பார்கள். முதல் இரண்டு முறை கூச்சமாக இருக்கும். முந்தைய நாள் இரவு குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், உண்மையாகவே உதவும். துப்பினாலும் வாய் வழியாகக் கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போகத்தான் செய்யும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எத்தனை தோட்டங்கள்?

வழக்கமாகச் சைக்கிள் ஓட்டாதவருக்கு 30 முதல் 40 கி.மீ., இரண்டு தோட்டங்கள். அதற்கு மேல் வேண்டாம். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள், ஊரில் 60 கி.மீ. ஓட்டுகிறேனே என்கிறார்கள். ஆனால் தோட்டப் பாதையில் வேகமே வராது. ஒரு தேவாலயக் கோபுரம் தெரியும், ஒரு கல் பாலம் வரும், வேலை செய்கிறவர் கொடியை வளைத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஒரு நிலவறைக்குள் போனால் ஒரு மணி நேரமாவது ஆகும். எங்கும் அவசரப்படாமல் இருப்பதற்காகத்தானே விடுமுறை.

மூன்றாவது தோட்டத்தில் நாக்கு களைத்துப்போயிருக்கும். அங்கே எதைக் குடித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு எந்த இடம் ஏற்றது?

ஆற்றங்கரை அல்லது சைக்கிள் பாதையாக மாற்றிய பழைய ரயில் பாதை. இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தவறாது. ஆறு மேடேறாது, ரயிலும் செங்குத்தாக ஏறாது.

ஆற்றங்கரைகளில் என் முதல் தேர்வு ஆஸ்திரியாவின் வாஹாவ். டான்யூப் நதி மெல்க் நகரத்துக்கும் கிரெம்ஸ் நகரத்துக்கும் நடுவே மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு அது. தூரம் 40 கி.மீ.க்குள்தான். இரண்டு கரையிலும் சைக்கிள் பாதை இருக்கிறது, அலுத்தால் படகில் அக்கரைக்குப் போய்விடலாம். ஷ்பிட்ஸ் ஊரில் உள்ள படகுக்கு எஞ்சினே இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தின் பலத்திலேயே சத்தமில்லாமல் கரை கடக்கும். இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1192-ன் கடைசியில் சிறைவைக்கப்பட்ட டியூர்ன்ஷ்டைன் கோட்டையின் இடிபாடுகள் இந்தப் பாதையில்தான் தலைக்கு மேலே தெரியும். கிரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங் என்ற திராட்சை ரகங்கள் இரண்டும் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்களில் விளைகின்றன. அந்தக் கற்சுவர்களுக்கு அடியில் ஓட்டும்போது பகல் வெப்பம் சுவரிலிருந்து உங்கள் மேல் வீசும், கொடிகளுக்கும் அதுதான் இரவுப் போர்வை.

அதைவிட நீளமாக வேண்டுமென்றால் ஜெர்மனியின் மோசெல். திரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றோரமாகவே ஏறக்குறைய 200 கி.மீ., நிதானமாக ஓட்டினால் ஐந்தாறு நாள். பாதை சமதளம், ஆனால் இரண்டு பக்கமும் தோட்டங்கள் சுவர் மாதிரி நிற்கும். பிரெம் என்ற ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்தானது, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று பெயர் பெற்றது. அங்கே எந்திரம் வைத்து அறுவடை செய்ய முடியாது, கையால்தான். கீழே சமதரையில் ஓட்டிக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்தால், ஒரு பாட்டிலுக்குப் பின்னால் எவ்வளவு ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது என்று தெரியும்.

பிரான்சில் லுவார் நதிப் பாதை சுமார் 900 கி.மீ. நீளம். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 பாதையின் ஒரு பகுதி இது. முழுவதையும் யாரும் ஒரே விடுமுறையில் ஓட்டத் தேவையில்லை. தூர் நகரத்துக்கும் சோமூருக்கும் நடுவே மூன்று, நான்கு நாள் எடுத்துக்கொண்டாலே போதும். அரண்மனைகள் கட்ட வெட்டியெடுத்த மென்மையான சுண்ணாம்புக்கல் குகைகள் இப்போது ஒயின் நிலவறைகளாக இருக்கின்றன. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வீசும். வரைபடத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கடலை நோக்கி ஓட்டினால் எதிர்காற்றில் சிரமப்படுவீர்கள். கிழக்கு நோக்கிப் போனால் காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும்.

ரயில் பாதைகளில், ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் உள்ள ரீஸ்லிங் பாதை சுமார் 35 கி.மீ. 1983-ன் பெரும் காட்டுத் தீயில் சேதமடைந்து கைவிடப்பட்ட ரயில் தடம் அது. பிரான்சின் போர்தோவுக்குப் பக்கத்தில், 1937-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற ரோஜே லபேபியின் பெயரில் ஒரு பாதை இருக்கிறது. பழைய ரயில் நிலையங்களைத் தாண்டி சோவ்தெர் வரை, தார் போட்ட வழுவழுப்பான பாதை. பர்கண்டியிலேயே ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே 1997-ல் திறந்த பாதைதான் பிரான்சில் இந்த வகையில் முதலாவது.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதா? போன் நகரத்திலிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி மோன்ராஷே வழியாகச் சாந்தெனே வரை தோட்டங்களுக்கு உள்ளேயே போகும் சுமார் 22 கி.மீ. பாதையைச் சொல்வேன். சரிவைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அங்கே கிடைக்கும், ஆனால் ஏற்ற இறக்கம் கொஞ்சம் இருக்கும்.

எந்த இடங்களை முதல் பயணத்தில் தவிர்க்கலாம்?

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஆற்றை விட்டு விலகினால் ஏற்றம் முடியவே முடியாது. இத்தாலியின் கியாந்தியும் பரோலோ ஒயின் விளையும் லாங்கே குன்றுகளும் அப்படித்தான், ஒவ்வொரு கிராமமும் ஒரு குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். நல்ல கால் பலம் இருந்தால் அல்லது மின்சார சைக்கிள் எடுத்தால் தாராளமாகப் போகலாம்.

கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் 29-ம் எண் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம். கிழக்குப் பக்கம் இணையாகப் போகும் சில்வராடோ சாலையில் அகலமான ஓரம் இருக்கிறது, அங்கேயும் கார்கள் வேகமாகத்தான் வரும். எதிரே வருகிற, பின்னால் வருகிற கார்களில் சிலவற்றை ஓட்டுபவரும் ருசி பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்பதை மறக்கக் கூடாது. தனிச் சைக்கிள் பாதை உள்ள ஊரை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஐரோப்பாவில் மே கடைசி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரங்கள் வரை. ஜூனில் கொடி பூக்கும். பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அவ்வளவு சிறியது. ஆனால் காலை நேரத்தில் தோட்டத்தின் நடுவே ஓட்டினால் மெல்லிய இனிப்பு வாசனை ஒன்று கூடவே வரும். காருக்குள் அது வராது. பூத்ததிலிருந்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை என்பது பழைய கணக்கு.

அறுவடை சமயத்தில் போக எல்லோருக்கும் ஆசை. எனக்கும் அது பிடித்த காலம்தான், ஊரே புளித்த பழச்சாறு வாசனையில் இருக்கும். ஆனால் அப்போது சிறு தயாரிப்பாளர்களுக்கு உங்களுடன் பேச நேரம் இருக்காது, பல இடங்கள் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். பாதை முழுக்க டிராக்டர்கள், அவை உதிர்த்துவிட்டுப் போன சேறு. மழை பெய்தால் அந்தச் சேறு எண்ணெய் மாதிரி வழுக்கும். நொதிக்கும் தொட்டிகள் உள்ள நிலவறைக்குள் யாரும் அழைக்காமல் எட்டிப் பார்க்காதீர்கள். அங்கே தேங்கும் கரியமில வாயு ஆளைக் கொல்லக்கூடியது.

ஆகஸ்டைத் தவிர்ப்பது நல்லது, வெயில் கடுமை, பிரான்சில் பலர் கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினாவில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு வாரத்துக்குக் குறைவான பயணம் என்றால் வாடகைதான். விமானத்துக்காகப் பிரித்துப் பெட்டியில் அடைப்பது, போய்ச் சேர்ந்ததும் மறுபடி பொருத்துவது, கியர் வளைந்திருக்கிறதா என்று பதறுவது எல்லாம் மிச்சம். ஆனால் உங்கள் சீட் உங்களுக்குப் பழகியது என்றால் அதை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள், வாடகைக் கடையில் இரண்டு நிமிடத்தில் மாற்றித் தருவார்கள். இது ஒன்று நூறு கி.மீ.க்குச் சமமான சுகம்.

மின்சார சைக்கிளைக் கொண்டுபோக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் விமானங்களில் 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியை அனுமதிப்பதில்லை, மின்சார சைக்கிளின் பேட்டரி வழக்கமாக 400, 500 வாட் மணி இருக்கும். அங்கேயே எடுங்கள். மின்சார சைக்கிள் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஐரோப்பாவில் மணிக்கு 25 கி.மீ. வேகம் வரைதான் மோட்டார் உதவும், மிதித்தால்தான் நகரும். கூட வருகிறவர்களில் ஒருவருக்குப் பழக்கம் குறைவு என்றால், அவருக்கு மின்சார சைக்கிள் எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே போகலாம்.

வாடகைச் சைக்கிளை எடுத்ததும் முதல் வேலை பிரேக்கைச் சோதிப்பது. ஐரோப்பியக் கண்டத்தின் நாடுகளில் பொதுவாக இடது கைப்பிடி முன் பிரேக். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் வலது கைதான் முன் பிரேக். பழக்கதோஷத்தில் இறக்கத்தில் தவறான பக்கத்தை இறுக்கிப் பிடித்தால் சைக்கிளுக்கு முன்னால் போய் விழ வேண்டியதுதான். கடை வாசலிலேயே பத்து முறை பிடித்துப் பழகுங்கள். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள், தோட்டப் பாதைகளில் ஜல்லி அதிகம்.

ஹெல்மெட் கட்டாயமா?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எல்லோருக்கும் கட்டாயம். ஸ்பெயினில் ஊருக்கு வெளியே கட்டாயம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் போடுங்கள். பிரான்சில் இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் போட வேண்டும்.

வழியில் பஞ்சர் ஆனால்?

ஒரு உதிரி டியூப், டயர் கழற்றும் நெம்பு இரண்டு, சிறிய பம்பு. இந்த மூன்றும் பையில் இருக்க வேண்டும், மாற்றத் தெரிந்திருக்கவும் வேண்டும். கொடி கத்தரிக்கும் குளிர்காலத்திலும், அதைத் தொடர்ந்து வரும் கொடி கட்டும் மாதங்களிலும் வெட்டுக் குச்சியும் கம்பித் துண்டும் பாதையில் கிடக்கும். மின்சார சைக்கிளில் மோட்டார் பின் சக்கரத்தில் இருந்தால் கழற்றுவது தனி வேலை. வாடகைக்கு எடுக்கும்போதே அவர்களைக் காட்டச் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குச் சொல்லாமல் போகலாமா? அங்கே எப்படி நடந்துகொள்வது?

பெரிய இடங்களுக்கு நேராகப் போகலாம். சிறிய குடும்பத் தோட்டத்துக்கு முன்கூட்டியே எழுதியோ போன் செய்தோ நேரம் கேட்க வேண்டும். அங்கே உங்களுக்கு ஊற்றுகிறவரே காலையில் டிராக்டர் ஓட்டியவராக இருப்பார், உங்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு வருகிறார். தாமதமானால் கட்டாயம் தகவல் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை பஞ்சர் ஆகி ஒரு மணி நேரம் தாமதம். வழியிலிருந்தே போன் செய்தேன். அந்தத் தோட்டத்து அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பிரான்சின் கிராமங்களில் மதியம் 12 முதல் 2 வரை எல்லாமே மூடியிருக்கும், அந்த நேரத்தில் யார் கதவையும் தட்ட வேண்டாம்.

வியர்வையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், சைக்கிளில் வந்தவர் வியர்த்துத்தான் இருப்பார். அதை மறைக்கச் சென்ட் அடித்துக்கொண்டு போவதுதான் தவறு, பக்கத்தில் நிற்பவருக்குக்கூட ஒயினின் மணம் தெரியாமல் போய்விடும். கையில் ஒரு மெல்லிய ஜாக்கெட் இருக்கட்டும். வெளியே 32 டிகிரி, நிலவறைக்குள் 12 டிகிரி, நனைந்த சட்டையோடு உள்ளே போனால் நடுங்கிவிடுவீர்கள். அடியில் பெடலோடு மாட்டும் இரும்புத் துண்டு உள்ள சைக்கிள் ஷூவோடு ஈரமான நிலவறைப் படியில் இறங்காதீர்கள்.

இலவசமாக ஊற்றிக் கொடுத்த சிறிய தயாரிப்பாளரிடம் ஒரு பாட்டிலாவது வாங்குவது நியாயம்.

கொடிகளுக்கு நடுவே ஓட்டலாமா? ஒரு பழம் பறித்துச் சாப்பிடலாமா?

இரண்டும் வேண்டாம். வரிசைகளுக்கு நடுவே உள்ள மண் அவர்களுடைய வயல். பழத்தின் மேல் மருந்து இருக்கும். இயற்கை முறைத் தோட்டத்திலும் பூஞ்சைக்குச் செம்பு, கந்தகம் அடிக்கிறார்கள். பழம் பழுக்கும் காலத்தில் ஜெர்மனியின் சில ஊர்களில் தோட்டப் பாதைகளையே மூடிவிடுவார்கள், பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். மருந்து அடிக்கும் டிராக்டர் எதிரே வந்தால் தூரத்திலேயே நின்று, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து விலகுங்கள்.

எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

பிரான்சில் "அக்கேய் வெலோ", ஜெர்மனியில் "பெட் பைக்" என்ற பலகை மாட்டிய விடுதிகளைத் தேடுங்கள். சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம், சின்ன ரிப்பேருக்குக் கருவிகள் இருக்கும்.

சாப்பாட்டுக்கு ஆஸ்திரியாவின் ஹொய்ரிகர் கடைகளை விட்டுவிடாதீர்கள். திராட்சை வளர்ப்பவர் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப் அனுமதி கொடுத்தார், அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திறந்திருக்கிற நாளில் வாசலில் ஊசியிலைக் கிளை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஜெர்மனியில் இதேபோன்ற வீட்டுக் கடைகள் ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டுமே திறக்கலாம். வீட்டு முற்றத்தில் நீளமான பலகை, ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, எதிரே முன்பின் தெரியாதவர்கள். இரண்டு நாளில் அந்த வட்டாரத்தின் நல்ல பாதைகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் குடிக்க மாட்டேன். குழந்தைகளும் உண்டு. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. மேலே எழுதியதில் ஒயினை எடுத்துவிட்டாலும் சரிவும் ஆறும் படகும் பூவாசனையும் அப்படியே இருக்கின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பல தோட்டங்கள் தங்கள் பழத்திலேயே சாறு பிழிந்து விற்கின்றன. ஒரு ரகத்தின் சாற்றுக்கும் இன்னொரு ரகத்தின் சாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒயினை முகர்ந்து மட்டும் பார்க்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பின்னால் இழுத்துச் செல்லும் வண்டியை வாடகைக்குத் தருகிறார்கள். குழந்தைகள் இருந்தால் நாளுக்கு 20 கி.மீ.யும், நடுவில் குளிக்க ஒரு இடமும் போதும்.

வாங்கிய பாட்டில்களை எப்படிக் கொண்டுவருவது?

ஒரு நிறைந்த பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ. ஆறு பாட்டில் வாங்கினால் எட்டு கிலோ ஏறிவிடும், அதோடு குன்றில் ஏறிப் பாருங்கள், தெரியும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பெட்டி கட்டி அனுப்புவார்கள், அல்லது மாலையில் தங்கும் இடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள். விமானத்தில் கைப்பையில் முடியாது, உள்ளே போகும் பெட்டியில் துணி சுற்றி வைக்கலாம். உங்கள் நாட்டுச் சுங்கம் எத்தனை லிட்டர் அனுமதிக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

அன்றிரவு குடிக்க ஒன்றிரண்டு பாட்டிலைச் சைக்கிளிலேயே எடுத்துப் போவதானால், பக்கத்துக்கு ஒன்றாகப் பின்பையின் அடியில், நனைத்த துண்டைச் சுற்றி வையுங்கள். வெயிலில் நிறுத்திய கறுப்புப் பைக்குள் சூடு ஏறிவிடும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ருசியும் வெந்துபோகும். அதனால் பாட்டில் வாங்கும் தோட்டத்தை அன்றைய பாதையின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.